ஏழாவது நாளும் ரயில்

வாரத்தில் ஆறு நாட்கள் கோலார் தங்கவயலின் காலை ரயில்களுக்கு ஒரே முகம்தான். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், பி.இ.எம்.எல். நகர், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கிழக்கு வெளுக்கும் முன்பே ஆட்கள் ஏறுகிறார்கள். செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள், கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள், கம்ப்யூட்டர் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளைஞர்கள். பங்காரப்பேட்டையில் இன்னொரு கூட்டம் சேரும். டேக்கல், மாலூர், ஒயிட்ஃபீல்டு தாண்டி பெங்களூருக்குள் வண்டி நுழையும்போது கால் மாற்றி நிற்கக்கூட இடம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அந்த முகம் மாறுகிறது. கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்களுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்களுக்கும் நடுவே ஸ்கூல் யூனிஃபார்ம் தெரிகிறது. ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய சார்ட் பேப்பர். மடியில் பச்சைக் குழந்தையைப் போல் வைத்துக்கொண்ட தெர்மகோல் மாடல். அறிவியல் கண்காட்சி, வினாடி வினா, கட்டுரைப் போட்டி, கணித ஒலிம்பியாட், திறனறித் தேர்வு. பெயர் எதுவானாலும் நடக்கும் இடம் பெரும்பாலும் பெங்களூர்தான். யூனிஃபார்முக்குப் பக்கத்தில் தூக்கம் கலையாத ஒரு அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார்.

போட்டி என்றால் கேள்வித்தாளும் மேடையும் பரிசும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் இருக்கும் நூறு கிலோமீட்டரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெங்களூரில் வசிக்கும் பிள்ளைக்கு அது வெறும் போட்டி. தங்கவயல் பிள்ளைக்கு அது பயணம், பயணத்துக்குப் பிறகு போட்டி, மறுபடியும் பயணம்.

பாலகாட் தங்கவயலின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் போல இதுவும் ஒரு சுரங்கத்தின் பெயர்தான். சுரங்கம் போய் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியபோது வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் சித்தூரிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் நிலமில்லாத தலித்துகள். சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துக்கு அது 1905இல்தான் கிடைத்தது. அன்றைக்குத் தங்கவயல் முன்னால் இருந்தது, பெங்களூர் பின்னால் வந்தது.

ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் வெளியே போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. மூன்று கோடி டன்னுக்கும் அதிகமான சயனைடு மண் மேடுகளும், லைன் வீடுகளும், ஒரு ரயில் பாதையும் மிஞ்சின. மாரிக்குப்பம் பாதை 1894இல் சுரங்கத்துக்காகப் போடப்பட்டது. இன்று அதுதான் ஊரின் சம்பளப் பாதை.

பாலகாட்டில் ஒரு லைன் வீடு. அப்பாவுக்கு பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன் வேலை. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். தாத்தா சாம்பியன் ரீஃபில் வேலை செய்து, சுரங்கம் மூடியபோது கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். ஒரே மகள் ஒன்பதாவது படிக்கிறாள். வகுப்பில் முதல். பள்ளியில் எந்தப் போட்டிக்குப் பெயர் கேட்டாலும் டீச்சரின் பேனா முதலில் எழுதுவது அவள் பெயரைத்தான். ஒரு கல்வியாண்டில் ஏழெட்டு முறை பெங்களூர்ப் பயணம் அமைந்துவிடுகிறது.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. ஆறு நாள் விடியுமுன் எழுந்து, போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் என்று அதே ரயிலில் ஆடிக்கொண்டே போய்வரும் மனிதர் ஏழாவது நாளும் அதே ரயிலில் ஏறுகிறார். மற்ற நாட்களில் நின்றுகொண்டே தூங்கப் பழகியவருக்கு அன்று உட்கார இடம் கிடைக்கும். ஆனால் தூங்க முடியாது, மகளின் மாடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவரிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது. ஆகவே மகளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும் என்று வீட்டில் அதை ஒரு லாபமாகவே பேசிக்கொள்வார்கள்.

தனியாக அனுப்பலாமே என்று கேட்பது எளிது. மகனாக இருந்தால் ஒருவேளை இரண்டு சிநேகிதர்களோடு அனுப்பியிருப்பார்கள். பதினான்கு வயதுப் பெண்ணை இருட்டில் ஸ்டேஷனுக்கு அனுப்பி, இருட்டிய பிறகு திரும்பி வரச் சொல்ல எந்த வீடும் தயாராக இல்லை. பள்ளியிலிருந்து டீச்சர் ஒருவர் வந்தால் நல்லது. ஆனால் டீச்சருக்கும் அது ஒரே ஞாயிறு. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஆக, பெண் பிள்ளை போட்டிக்குப் போக வேண்டுமானால் வீட்டில் ஒருவர் தன் நாளைக் கொடுக்க வேண்டும். பல பெண்களின் பெயர் பட்டியலில் ஏறாமல் நின்றுபோவது இந்த இடத்தில்தான். மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

சனிக்கிழமை இரவே வேலை தொடங்கிவிடும். அம்மா புளிச்சோறு கிளறி ஆற வைப்பார். மதியம் வரை கெடாத சோறு அதுதான். தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா, பென்சில், பள்ளி கொடுத்த அனுமதிக் கடிதம், அதன் ஜெராக்ஸ், மாடல் உடைந்தால் ஒட்ட ஃபெவிகால், மழை வந்தால் போர்த்த பிளாஸ்டிக் உறை. மூன்றரைக்கு அலாரம். அலாரத்தை நம்பாமல் அம்மா மூன்று மணிக்கே எழுந்துவிடுவார். மகள் பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. அலாரம் அடிக்காமல் போய்விடுமோ என்ற பயம் பாடத்தைப் பற்றிய பயத்தைவிடப் பெரியது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்கவியல் மருத்துவர்கள். இவளுக்குக் கிடைப்பது நாலு மணி நேரம், அதுவும் விட்டுவிட்டு. ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு, பத்து மணிக்குப் போட்டி. ஜெயநகரிலிருந்தோ மல்லேஸ்வரத்திலிருந்தோ வரும் பிள்ளை ஏழு மணிக்கு எழுந்து, இட்லி சாப்பிட்டு, அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கும். இருவர் கையிலும் ஒரே கேள்வித்தாள்தான் இருக்கிறது. ஆனால் இவள் அதைப் பிரிக்கும்போது கண்விழித்து ஆறரை மணி நேரம் ஆகியிருக்கிறது.

வழியில் இன்னும் சில சங்கடங்கள் உண்டு. அவற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரயில் கழிப்பறையைத் தவிர்ப்பதற்காகப் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே வருவார்கள். தொண்டை வறண்டு, தலை வலித்துப் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் கழிப்பறைக்கு நீண்ட வரிசை. மாதவிலக்கு நாளாக இருந்துவிட்டால் கூட வந்திருப்பது அப்பா. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? இதையெல்லாம் அம்மாவிடம் மட்டும் இரவில் சொல்வாள். 'அடுத்த தடவ நான் வரேன்டி' என்பார் அம்மா. அம்மா வந்தால் அன்றைய தையல் நின்றுபோகும் என்பது மகளுக்குத் தெரியும்.

2023இல் பெங்களூர் மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை நீண்ட பிறகு கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. ரயிலை விட்டு ஒயிட்ஃபீல்டிலேயே இறங்கி மெட்ரோ பிடித்தால் நகரத்தின் பல மூலைகளுக்கு நெரிசல் இல்லாமல் போய்விடலாம். ஆனாலும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோதான். ஞாயிறு காலையில், கையில் மாடலோடு நிற்கும் வெளியூர்க்காரரைப் பார்த்ததும் மீட்டர் போட எந்த ஆட்டோக்காரருக்கு மனம் வரும்?

பிள்ளைகள் உள்ளே போன பிறகு பெற்றோர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். சில இடங்களில் நாற்காலி போடுவார்கள். பல இடங்களில் மரத்தடிதான். கார் வைத்திருப்பவர்கள் காருக்குள் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார்கள். தங்கவயல் அப்பா நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொள்வார். மதியம் முடிவு சொல்வதாகச் சொல்லி மாலை வரை இழுத்தடித்தால் அவர் நிமிடத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். பரிசளிப்பு விழா நீண்டால் ரயில் போய்விடும். சிறப்பு விருந்தினரின் பேச்சு முடியாததால், கிடைத்த மூன்றாம் பரிசைக்கூட மேடையில் வாங்காமல் ரயிலைப் பிடிக்க ஓடியதும் நடந்திருக்கிறது. சான்றிதழ் பிறகு தபாலில் வந்தது. மடங்கித்தான் வந்தது.

தமிழில் 'செலவு' என்ற சொல்லுக்கு இன்று பணம் போவது என்றுதான் பொருள். பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். செல்வது எதுவோ அது செலவு. பொருள் தேடிப் பிரிந்துபோக நினைத்த தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றுவிடுவதைச் 'செலவழுங்குதல்' என்றார்கள். போகும் வழிக்கும் கையை விட்டுப் போகும் பணத்துக்கும் ஒரே சொல்லை மொழி எப்படிக் கொடுத்தது என்று இலக்கண ஆசிரியர்கள் விளக்கலாம். பாலகாட் வீட்டில் விளக்கம் தேவைப்படாது. டிக்கெட், ஆட்டோ, நுழைவுக் கட்டணம், மாடலுக்கான சாமான், மதியம் ஒரு டீ என்று எல்லாம் சேர்த்தால் அப்பாவின் ஒரு நாள் சம்பளத்தை எட்டிவிடும். அவருடைய ஓய்வு நாளுக்கு விலை போட முடியாது. அதை யாரும் கணக்கில் எழுதுவதும் இல்லை.

ஆனால் மகள் எழுதுகிறாள், மனசுக்குள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

திரும்பி வரும் ரயிலில் அப்பா ஒன்றும் கேட்பதில்லை. நல்ல மனிதர். 'பரவால்லமா, அடுத்த தடவ பாத்துக்கலாம்' என்பதற்கு மேல் பேசமாட்டார். கே.ஆர்.புரம் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும். வாய் லேசாகத் திறந்திருக்க, கழுத்து ஒரு பக்கமாகத் தொங்க அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் மாலூர் வரை வருவாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். ஒரு கேள்விக்கு விடை தவறியது அவளைப் பொறுத்தவரை ஒரு மதிப்பெண் விஷயம் இல்லை. அப்பாவின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கி வீணாக்கிவிட்டோம் என்பதாகத்தான் அது உள்ளே இறங்குகிறது. அடுத்த போட்டியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு. அடுத்த போட்டிக்கு இன்னொரு ஞாயிறு வேண்டும். இப்படிக் கடன் ஏறிக்கொண்டே போகிறது.

ஆறாவது படிக்கும்போது அவள் போட்டிக்குப் போனது ஆசையால். விதை முளைப்பதைப் பற்றி ஒரு மாடல் செய்து, எதிரில் வந்து நின்றவர்களிடமெல்லாம் மூச்சு விடாமல் விளக்கியவள் அவள். ஒன்பதாவதில் அவளுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்கிறாள். எதில் பரிசு கிடைக்கும் என்று கேட்டால் உடனே பதில் சொல்கிறாள். தூரம் ஒரு பிள்ளையின் ஆர்வத்தைக் கடனாக மாற்றிவிடுவது இப்படித்தான், சத்தமில்லாமல். களைப்பு ஒரு நாள் தூங்கினால் போய்விடும், இது அப்படிப் போவதில்லை.

பெற்றோரின் தியாகத்தைக் கொண்டாடும் கதைகள் நம்மிடம் ஏராளம். செஸ் வீரர் பிரக்ஞானந்தாவின் அம்மா வெளிநாடுகளுக்கும் சமையல் சாமான்களோடு போய் மகனுக்குச் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்ததைத் தமிழ்நாடே பேசியது. 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தவர். இந்தக் கதைகள் உண்மையானவை, மதிக்க வேண்டியவை. ஆனால் இவை எல்லாமே வெற்றியிலிருந்து பின்னோக்கிச் சொல்லப்படும் கதைகள். ஜெயித்த பிறகு பயணக் களைப்பும் அழகாகத் தெரியும். அதே ஆண்டுகளில் அதே மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய ஆயிரம் வீடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பாலகாட் அப்பாவும் அந்தக் கதைகளை மொபைலில் பார்த்திருக்கிறார். அவர் டாக்டர் அல்ல. நிறுத்தி வைக்க அவரிடம் இருப்பது தூக்கம் மட்டும்தான்.

பயணம் சில நேரங்களில் அதற்கும் மேலே கேட்டுவிடுகிறது. 2018 மே 6ஆம் தேதி நடந்த நீட் தேர்வுக்குத் தமிழகத்து மாணவர்கள் பலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தானிலும்கூட மையங்கள் ஒதுக்கப்பட்டன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. கடைசியில் போய்த்தான் எழுத வேண்டியிருந்தது. வெளிமாநிலம் போகிறவர்களுக்கு 1,000 ரூபாயும், மாணவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணமும் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்த நாளில், மகன் எர்ணாகுளத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, அவனை அழைத்துப் போன தந்தை மாரடைப்பால் இறந்துபோனார். தேர்வு முடிந்து வெளியே வந்த பிறகுதான் பையனுக்கு விஷயம் தெரிந்தது. நீட் ஒரு நுழைவுத் தேர்வு, பள்ளிப் போட்டி அல்ல. ஆனால் அரசே வாய்திறந்து ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் அதில் உண்டு. பிள்ளை போனால் கூட ஒருவரும் போகிறார் என்பதுதான் அது. நம் பள்ளிப் போட்டிகளின் சுற்றறிக்கைகள் எதிலும் இந்த இரண்டாவது ஆள் இருப்பதில்லை.

வசதியான நாட்டிலும் இந்தப் பிரச்சினை உண்டு. அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் 1985இல் வென்ற பாலு நடராஜன்தான் அதை வென்ற முதல் இந்திய வம்சாவளிச் சிறுவர். அதன் பிறகு அங்கே இந்தியக் குடும்பங்களின் கொடி பறக்கிறது. அந்தப் போட்டிக்கு உள்ளூர்ச் செய்தித்தாள் போன்ற ஒரு ஸ்பான்சர் அனுப்பினால்தான் போக முடியும் என்றிருந்தது. ஸ்பான்சர் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்காக, சொந்தச் செலவில் வரலாம் என்று 2018இல் ஒரு வழி திறந்தார்கள். 2019இல் இறுதிக் கட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 562 ஆக உயர்ந்தது. பணம் உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு என்ற விமர்சனம் எழுந்தது. பின்னர் அந்த வழி கைவிடப்பட்டது. அங்குள்ள இந்தியர்கள் 1989இல் தொடங்கிய நார்த் சவுத் ஃபவுண்டேஷன் செய்தது வேறு. ஊருக்கு ஊர் கிளைகள் வைத்து, முதல் சுற்றுகளைப் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே நடத்தியது. கடைசிச் சுற்றுக்கு மட்டும் தூரப் பயணம்.

இந்தியாவிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1963இல் டெல்லியில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய தேசியத் திறனறித் தேர்வின் முதல் கட்டத்தை மாநிலங்களே அவரவர் ஊர்ப் பக்கத்தில் நடத்தின. 2021இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1993 முதல் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாடு மாவட்டத்தில் தொடங்கி மாநிலம், தேசம் என்று படிப்படியாக ஏறுகிறது. தங்கள் ஊரின் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஆய்வு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. தங்கவயல் பிள்ளைக்கு அதற்காக எங்கும் போக வேண்டியதில்லை. வாசலைத் திறந்தாலே சயனைடு மேடு, காற்றடித்தால் கண்ணில் விழும் தூசி. மத்திய அரசின் இன்ஸ்பயர் விருதுக்குத் தேர்வாகும் பிள்ளைக்கு, மாடல் செய்யவும் மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுபோகவும் 10,000 ரூபாய் தருகிறார்கள். கொண்டுபோவதற்கும் காசு வேண்டும் என்று யாரோ ஒரு அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. ஒலிம்பியாட் என்ற பெயரை இன்று யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் பதக்கம் தருகிறவர்களும் அதே பெயரில்தான் வருகிறார்கள். உலக அரங்குக்கு இந்திய அணியை அனுப்பும் கணித ஒலிம்பியாட் வேறு. 1989 முதல் இந்தியா அதில் கலந்துகொள்கிறது. 2024இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நான்கு தங்கப் பதக்கங்களோடு நான்காம் இடம் பெற்றது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில் நடக்கும் அந்தத் தேர்வின் முதல் சுற்று நாடெங்கும் பல மையங்களில் நடக்கிறது. எந்தப் போட்டி எதற்கு இட்டுச்செல்கிறது என்று பள்ளிகள் ஒரு வார்த்தை சொன்னாலே போதும். தங்கவயலின் பாதி ஞாயிறுகள் மிஞ்சும். ஆனால் சுவரில் மாட்டிய கோப்பைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் புதிய அட்மிஷன்கள் வருகின்றன என்பதும் பள்ளிகளுக்குத் தெரியும்.

அறிவியல் என்றால் பெங்களூருக்குப் போக வேண்டும் என்று தங்கவயல் பிள்ளைகள் நம்புவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1965இல் வளிமண்டல நியூட்ரினோ துகள்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களில் ஒன்று இதே தங்கவயல். தரைக்குக் கீழே ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவிகளை வைத்துக் காத்திருந்தன. மேலேயிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவும் என்பதுதான் காரணம். அதற்குப் பிறகு 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கவும் இங்கேதான் வந்தார்கள். உலக விஞ்ஞானம் தங்கவயலுக்கு டிக்கெட் எடுத்து வந்த காலம் அது. அந்தக் கருவிகளை இறக்கியவர்களும் ஏற்றியவர்களும் இந்த லைன் வீடுகளின் தாத்தாக்கள்தான். பேத்திகளின் பாடப் புத்தகத்தில் அது இல்லை. வினாடி வினாவில் கேள்வியாக வந்தால்தான் உண்டு.

பாலகாட் வீட்டுத் தாத்தாவுக்கு நியூட்ரினோ தெரியாது. பயணம் தெரியும். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். ஒரே கூண்டில் அடிவரை இறங்கிவிட முடியாது, மாறி மாறி இறங்க வேண்டும். கடைசி மட்டத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரிக்கு மேல். 'வேலை செய்ற களைப்பு பாதி, வேலைக்குப் போய்ச் சேர்ற களைப்பு பாதி' என்பார். 'நாங்க கீழ போனோம். உங்கப்பன் பக்கவாட்டுல போறான். நீயும் இன்னாத்துக்கு கண்ணு அதே மாதிரி போற?' என்று ஒரு நாள் பேத்தியைக் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு அம்மாவிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கம் வராதது, தண்ணீர் குடிக்காதது, அப்பாவின் தொங்கும் தலை, எல்லாமே.

அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுநாள் அப்பாவிடம் பேசியதும் அவர்தான். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. 'நான் எப்பவாவது முடியாதுன்னு சொன்னேனா?' என்று கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார். 'நீங்க சொல்லலைங்க. அதான் அவளால தாங்க முடியல' என்றார் அம்மா. பள்ளிக்குப் போய் டீச்சரிடம் பேசுவது இன்னும் கடினமாக இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பெற்றோரே பின்னுக்கு இழுப்பதாகத்தான் அங்கே எடுத்துக்கொண்டார்கள். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு போட்டி, அதையும் பிள்ளைதான் தேர்ந்தெடுப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதலாவதாக அவள் தேர்ந்தெடுத்தது பரிசுக்குப் பெயர் போன வினாடி வினாவை அல்ல, குழந்தைகள் அறிவியல் மாநாட்டை. சயனைடு மேட்டுத் தூசி எந்த மாதத்தில், எந்தத் தெருவரை வருகிறது என்று பார்க்கப்போகிறாள். லைன் வீடுகளின் ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி, வாரம் ஒரு முறை எடுத்துப் பார்க்கும் வேலை. ஜெயிப்பாளா என்பது தெரியாது. மாவட்டத்தைத் தாண்டினால் மறுபடியும் ரயில் ஏற வேண்டிவரும், அப்பா கூடவே வருவார். இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எட்டு மணி வரை தூங்குகிறார். மகள் பக்கத்துத் தெருவுக்குப் போய்த் துணிகளைச் சேகரித்துக்கொண்டு, அவர் எழுந்திருப்பதற்குள் வந்துவிடுகிறாள்.